கழித்த பொருளில் எழுந்த கோபுரங்கள்

சிற்பம் என்று சொன்னவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவன கருங்கல்லும் வெண்கலமும் ஆகும். மன்னன் பொருள் கொடுப்பான். சிற்பி உளி பிடிப்பான். கோயிலோ மன்றமோ இடங்கொடுக்கும். உலகத்தின் பெருஞ்சிற்பங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு பிறந்தவையே. ஆயினும், பொருள் கொடுப்பாருமின்றி, இடங்கொடுப்பாருமின்றி, உடைந்தது என்றும் உதவாதது என்றும் ஊரார் வீசியெறிந்தவற்றைக் கொண்டே திறந்த வெளியில் எழுப்பப்பட்ட பெருஞ்சிற்பங்களும் உள. அவற்றுள் இரண்டின் வரலாற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். ஒன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையிலே லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் வொட்ஸ் என்னும் பகுதியில் உள்ளது. மற்றையது, வட இந்தியாவிலே சண்டிகார் நகரத்தில் உள்ளது. முதலாவதை ஆக்கியவர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு கூலித் தொழிலாளர். இரண்டாவதை ஆக்கியவர் நாட்டுப் பிரிவினையால் பிறந்த ஊரை இழந்து வந்த ஒரு தெருப் பரிசோதகர்.

பழம்பொருளிலிருந்து சிலை பிறப்பது புதுமையன்று. கி. மு. 305ஆம் ஆண்டிலே தெமெத்திரியஸ் என்னும் படைத்தலைவன் ரோட்ஸ் தீவின் தலைநகரை முற்றுகையிட்டான். நகரை வெல்ல இயலாது அடுத்த ஆண்டில் அவன் திரும்பியபோது, மதிலைத் தகர்க்கக் கொண்டுவந்த பெரும் போர்ப்பொறிகளை அவ்விடத்திலேயே விட்டுச் சென்றான். அப்பொறிகளை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டே ரோட்ஸ் மக்கள் தங்கள் சூரிய தேவனுக்கு மாபெரும் வெண்கலச் சிலை எடுத்தனர் என்று உரோம எழுத்தாளர் பிளினி கூறுகின்றார். உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்ட அச்சிலை கி. மு. 226 அளவில் நிலநடுக்கத்தால் வீழ்ந்தது. வீழ்ந்த வெண்கலம் பல நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, கி. பி. 7ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகனுக்கு விற்கப்பட்டு, 900 ஒட்டகங்களில் ஏற்றிச் செல்லப்பட்டதென்று பழைய வரலாற்றுக் குறிப்பொன்று உரைக்கின்றது. ஒட்டகங்களின் தொகை மிகைப்பட்டதாக இருக்கலாம். எனினும், போரின் கழிவு சிலையானதும், சிலை மீண்டும் பழைய உலோகமாகி விலைபோனதும் இவ்வரலாற்றில் ஒருங்கே விளங்குகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் கழிவோ வேறு வகையானது. வெண்கலத்தை உருக்கினால் அதன் பழைய உருவம் மறைந்துவிடும். உலோகத்தின் விலை மறையாது. ஆனால், ஆலைகள் பெருகிய காலத்திலே நகரங்களில் மலைபோற் குவிந்த போத்தற் கண்ணாடி, பீங்கான் ஓடு, தரையோட்டுத் துண்டு முதலியவற்றை விலைகொடுத்து வாங்குவார் எவருமிலர். அவை மண்ணிலே புதைத்தாலும் மக்குவதில்லை. உடைந்த பின்னும் உடைந்த கிண்ணம் கிண்ணத்தின் வளைவையும், உடைந்த வளையல் வளையலின் நிறத்தையும் விடுவதில்லை. யாரோ ஒருவர் வீட்டில் வாழ்ந்த அடையாளம் அவற்றிற் பதிந்தே கிடக்கின்றது. இப்பண்பை அறிந்து பயன்கொண்டமையே நாம் கூறவிருக்கும் இருவரின் தனிச் சிறப்பாகும்.

முதலில் வொட்ஸ் கோபுரங்களை நோக்குவோம்.

சபாத்தோ ரொடியா என்பவர் 1879ஆம் ஆண்டிலே தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். அமெரிக்காவிலே அவரைச் சைமன் ரொடியா என்றழைத்தனர். பதினைந்து வயதளவில் தமையனோடு கடல் கடந்து பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியை அடைந்தார். அங்கே தமையன் சுரங்க விபத்தில் உயிரிழக்க, இவர் மேற்குத் திசை நோக்கிப் பெயர்ந்தார். கல்லுடைத்தல், கட்டட வேலை, ஓடு பதித்தல் என்று கிடைத்த தொழிலையெல்லாம் செய்தார். மணவாழ்வு நிலைக்கவில்லை. கல்வியறிவு மிகச் சிறிதளவே வாய்த்திருந்தது. இத்தகைய ஒருவர் 1921ஆம் ஆண்டில் வொட்ஸ் பகுதியின் 107ஆம் தெருவிலே, புகையிரதப் பாதையை அடுத்திருந்த முக்கோண வடிவான சிறு காணியொன்றை விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 42. அன்று தொடங்கிய வேலையை அவர் விட்டது 1954ஆம் ஆண்டிலேதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் பகலெல்லாம் கூலி வேலை செய்து, மாலையிலும் விடுமுறை நாட்களிலும் தம் காணியிலே தனியராய் உழைத்தார்.

அவர் எழுப்பியவை ஒன்றோடொன்று இணைந்த 17 அமைப்புக்கள். அவற்றுள் மிக உயர்ந்த கோபுரம் ஏறத்தாழ 100 அடி உயரமுடையது. கோபுரங்களைச் சுற்றி ஓடு பதித்த மதில், இளைப்பாறும் மண்டபம், கப்பல் வடிவான ஓர் அமைப்பு ஆகியனவும் உள்ளன. இவற்றுக்கெல்லாம் அவர் இட்ட பெயர் ‘நுவெஸ்த்ரோ புவெப்லோ’ என்பதாகும். ஸ்பானிய மொழியிலே இத்தொடருக்கு ‘எங்கள் ஊர்’ என்பது பொருள். இத்தாலியராகப் பிறந்தவர், அமெரிக்க நாட்டிலே, அயலாரிற் பலர் பேசிய மொழியிற் பெயரிட்டார். ‘என்’ என்னாது ‘எங்கள்’ என்றமை கருதத்தக்கது. தனியொருவர் கையால் ஆன வேலைக்குப் பலருக்கும் உரித்தான பெயரை அவர் தேர்ந்துகொண்டார்.

இக்கோபுரங்களை அவர் எவ்வாறு கட்டினார் என்பது வியப்புக்குரியது. சாரம் கட்டவில்லை, பாரந்தூக்கி இல்லை. இரும்புத் துண்டுகளை ஒட்டவைக்கும் நெருப்பு வேலையுமில்லை, ஆணியும் திருகும் இல்லை. பழைய குழாய்களையும் இரும்புக் கம்பிகளையும் எடுத்து, அருகிலுள்ள புகையிரதத் தண்டவாளத்தின் கீழே நுனியைச் செருகி, தம் உடற்பலத்தால் வளைப்பார். இரு கம்பிகள் சந்திக்கும் இடத்தை மெல்லிய கம்பியாற் சுற்றிப் பிணைத்து, அதன்மேற் கம்பி வலையைப் போர்த்து, சிமெந்துச் சாந்தைக் கையாலேயே பூசுவார். சாந்து இறுகுமுன் போத்தல் துண்டு, பீங்கான் துண்டு, தரையோடு, கடற்சிப்பி என்பவற்றை அதிற் பதிப்பார். அடுத்த படியை அமைக்க, முன்னாளிற் கட்டிய படியின் மேலேயே ஏறுவார். யன்னல் துடைக்கும் தொழிலாளர் இடுப்பிற் கட்டும் வாரொன்றே அவருக்குத் துணை. கோபுரம் தனக்குத் தானே சாரமாய் நின்றது எனலாம்.

பச்சை நிறம் வேண்டுமாயின் குளிர்பானப் போத்தலின் பச்சைக் கண்ணாடியை நாடினார். நீல நிறம் வேண்டுமாயின் வயிற்று நோய்க்கு உட்கொள்ளும் மருந்து அடைத்து விற்ற நீலப் போத்தலை நாடினார். சிப்பிகளுக்குக் கடற்கரை இருந்தது. அயல் வீட்டுப் பிள்ளைகளும் உடைந்த கோப்பை, தட்டு முதலியவற்றைக் கொணர்ந்து கொடுத்தனர். அப்பகுதி மக்கள் உண்டதும் குடித்ததும் உடைத்ததும் ஆகிய யாவும் இவ்வாறு ஒரு மதிலிலே வந்து சேர்ந்தன. அந்நாளைய ஏழை மக்களின் அன்றாட வாழ்வை ஆராய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு, அம்மதிலே ஒரு பழஞ்சுவடி போல உதவத்தக்கது.

இவ்வடிவம் அவர் உள்ளத்தில் எவ்வாறு தோன்றியது? அவர் பிறந்த பகுதிக்கு அண்மையில் நோலா என்னும் ஊர் உண்டு. ஆண்டுதோறும் அங்கே நடைபெறும் விழாவில், மரத்தாலான உயர்ந்த கோபுரங்களை ஆடவர் தோளிற் சுமந்து வீதிவலம் வருவர். நம்மூர்த் தேர்த் திருவிழாவை அறிந்தோருக்கு அக்காட்சியைக் கற்பனை செய்தல் எளிது. வொட்ஸ் கோபுரங்களின் கூரிய வடிவத்துக்கு இளமையிற் கண்ட அந்த விழாவே வித்தாயிற்று என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ரொடியாவோ, பெரியதொன்றைச் செய்யவேண்டும் என்று தாம் எண்ணியதாகவும் அதனைச் செய்துவிட்டதாகவும் மட்டுமே கூறிவந்தார்.

அயலார் எல்லாரும் அவரை மதித்தனர் என்று எண்ணுதல் கூடாது. சிறுவர் கல்லெறிந்து ஓடுகளை உடைத்ததுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, பகைவருக்கு இரகசியச் செய்தி அனுப்பவே இவர் கோபுரம் கட்டுகின்றார் என்ற வதந்தியும் உலவிற்று. எழுபத்தைந்து வயதை எட்டிய ரொடியா, தம் காணியை அயலார் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வடக்கே மார்ட்டினெஸ் என்னும் ஊருக்குச் சென்றார். மீண்டும் அக்கோபுரங்களைக் காண அவர் வரவேயில்லை. 1956ஆம் ஆண்டிலே அவர் வாழ்ந்த சிறுவீடு தீக்கிரையாயிற்று. அடுத்து, மாநகரின் கட்டடப் பகுதியார் அக்கோபுரங்கள் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை, ஆபத்து விளைக்கக் கூடியவை என்று கூறி, இடித்துத் தள்ளுமாறு கட்டளையிட்டனர்.

இக்கட்டளையைக் கொடுங்கோன்மை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடல் நீதியாகாது. நூறு அடி உயரத்தில், படித்த பொறியியலாளர் எவரும் கணக்கிடாத ஒரு கோபுரம், மக்கள் வாழும் தெருவிலே நிற்கின்றது. அத்திவாரமும் ஆழமில்லை. நிலநடுக்கம் அடிக்கடி நிகழும் நாடு அது. அது விழுமா, விழாதா என்று கேட்பது நகராட்சியின் கடமையே. அக்கேள்விக்கு விடை காணாமலே இடித்துவிட முற்பட்டதுதான் தவறு.

இந்நிலையிலே வில்லியம் கார்ட்ரைட் என்னும் திரைப்படக் கலை மாணவரும், நிக்கலஸ் கிங் என்னும் நடிகரும் 1959ஆம் ஆண்டில் அக்காணியை 3,000 டொலருக்கு வாங்கினர். அவர்களைச் சூழக் கலைஞரும் பொதுமக்களும் கூடி ஒரு காப்புக் குழுவை அமைத்தனர். அக்குழுவிற் சேர்ந்த பட் கோல்ட்ஸ்டோன் என்ற பொறியியலாளர் ஒரு சோதனையை வகுத்தார். கோபுரத்திற் கம்பி வடம் பூட்டி, 10,000 இறாத்தல் விசையோடு பக்கவாட்டில் இழுப்பது. சாய்ந்தால் இடிக்கலாம், நின்றால் விட்டுவிட வேண்டும். இதற்கு இரு திறத்தாரும் இணங்கினர். 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் மக்கள் திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க, பொறி இழுத்தது. கோபுரம் சாயவில்லை. இழுத்த பொறியே வளைந்து கொடுத்தது. இடிக்கும் கட்டளை அன்றோடு கைவிடப்பட்டது.

இதன் காரணத்தை அறிவியல் நோக்கில் விளக்குதல் அரிதன்று. இரும்புக் கம்பியைச் சிமெந்து போர்த்திருப்பதால், இழுவையை இரும்பும் அமுக்கத்தைச் சிமெந்தும் தாங்குகின்றன. கோபுரம் வலைபோல் இடைவெளி கொண்டிருப்பதால், காற்று தடையின்றி ஊடே செல்கின்றது. வளையங்கள் கால்களைச் சுற்றிப் பிணைப்பதால், ஒரு பக்கத்து விசை மறு பக்கத்துக்கும் பகிரப்படுகின்றது. இவற்றை ரொடியா நூல்களிற் படித்தறியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டு ஏறியிறங்கிய உடம்பே அவருக்கு இவற்றைக் கற்பித்தது.

ரொடியா 1965ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மறைந்தார். அடுத்த மாதமே வொட்ஸ் பகுதியிற் கறுப்பின மக்களின் நெடுநாட் குமுறல் வெடித்தது. ஆறு நாட்கள் நிகழ்ந்த கலகத்திலே 34 பேர் உயிரிழந்தனர். கடைகளும் கட்டடங்களும் எரிந்தன. கோபுரங்களுக்கோ ஊறு நேரவில்லை. அவ்விடத்துக் கலை நிலையத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நோவா பியூரிஃபோய் என்னும் கறுப்பினச் சிற்பி, எரிந்த வீதிகளிலே கிடந்த உருகிய கண்ணாடி விளம்பரக் குழாய்களையும் கருகிய மரத்தையும் நண்பரோடு திரட்டி, 1966ஆம் ஆண்டில் ஒரு சிற்பக் காட்சியை அமைத்தார். பின்னாளில், 1989ஆம் ஆண்டில், அவர் மொஹாவிப் பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தார். 2004ஆம் ஆண்டில் இறக்கும்வரை, திறந்த வெளியிலே பழைய பொருட்களால் பெருஞ்சிற்பங்கள் பலவற்றை அங்கே நிறுவினார். ரொடியா எவரையும் மாணவராக ஏற்றுத் தொழில் கற்பித்தவரல்லர். ஆயினும், அவர் கோபுரங்களின் நிழலிலே ஒரு மரபு தோன்றிவிட்டது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வொட்ஸ் கோபுரங்களைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இடிக்கும்படி ஆணை பிறந்த காலத்துக்கும் இவ்வறிவிப்புக்கும் இடையே ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலமே கழிந்திருந்தது.

இனி, இந்தியாவுக்குத் திரும்புவோம்.

நேக் சந்த் சைனி என்பவர் 1924ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் நாள் பஞ்சாப் மாகாணத்தில் ஓர் உழவர் ஊரிலே பிறந்தார். 1947ஆம் ஆண்டின் பிரிவினையில் அவ்வூர் பாகிஸ்தானிற் சேர்ந்தமையால், அவர் குடும்பம் பிறந்த மண்ணை விட்டு இந்தியா வந்தது. அதே பிரிவினையில் பஞ்சாபின் பழைய தலைநகரான லாகூரும் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் வேண்டியிருந்தது. அதற்காகவே சண்டிகார் அமைக்கப்பட்டது. லெ கொர்பூசியே என்னும் புகழ்வாய்ந்த கட்டடக் கலைஞர் 1951ஆம் ஆண்டு முதல் அந்நகரத் திட்டத்தைப் பொறுப்பேற்றார். அகன்ற நேரான தெருக்கள், எண்ணிட்டுப் பிரித்த குடியிருப்புப் பகுதிகள், மறைக்காது விடப்பட்ட கொங்கிறீற் சுவர்கள் என்று அந்நகரம் கணக்கிட்டு வரையப்பட்டது. அந்த வரைபடத்துக்கு இடங்கொடுக்கும் பொருட்டுப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன.

நேக் சந்த் அந்நகரின் பொதுவேலைப் பகுதியில் தெருப் பரிசோதகராக வேலை பெற்றார். புதிய தெருக்களை அமைக்கும் வேலையை மேற்பார்க்கையிலே, இடிந்த ஊர்களின் எச்சங்கள் அவர் கண்ணிற் பட்டன. உடைந்த பானை, சமையற்கட்டுக் கல், வளையல் துண்டு முதலிய அவ்வெச்சங்கள், தாமே ஓர் ஊரை இழந்து வந்த அவருக்கு வெறுங்குப்பையாகத் தோன்றவில்லை போலும். வேலை முடிந்தபின், துவிச்சக்கர வண்டியிலே அவற்றை ஏற்றிக்கொண்டு, சுக்னா ஏரிக்கு அண்மையிலுள்ள காட்டுப் பள்ளமொன்றிற் சேர்த்தார். ஆற்றுப்படுகைகளிற் கிடந்த விந்தையான உருவங்கொண்ட கற்களையும் தேடிக் கொணர்ந்தார். அந்தக் காடு அரசின் காப்பு நிலம். கட்டடம் எதுவும் அங்கே எழுதல் கூடாது என்பது சட்டம். ஆதலால் 1957ஆம் ஆண்டளவிலே தொடங்கிய அவ்வேலை இரவிலே மறைவாகவே நடைபெற்றது. பழைய இரப்பர்ச் சக்கரங்களை எரித்து அந்த வெளிச்சத்தில் அவர் வேலை செய்ததாகக் கூறுவர்.

அவர் கையாண்ட முறை ரொடியாவின் முறையோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர், இரு வேறு கண்டங்களில் ஒரே வழியைக் கண்டனர். உடைந்த துவிச்சக்கர வண்டியின் சட்டமோ இரும்புக் கம்பியோ எலும்புக்கூடாக அமையும். அதன்மேற் சிமெந்துச் சாந்து தசையாகும். இறுகுமுன் பதித்த வளையல் துண்டும் பீங்கானும் தோலாகவும் உடையாகவும் அமையும். வண்டியின் முன்கவடு விலங்கின் காலாயிற்று. இருக்கை அதன் தலையாயிற்று. பீங்கான் துண்டு போர்த்த மயில், வளையல் துண்டாற் சேலை உடுத்த நடனமாதர், குடஞ் சுமந்து வரிசையாக நிற்கும் பெண்கள், போர்வீரர், குரங்குக் கூட்டம், மாட்டு மந்தை என்று உருவங்கள் பெருகின. மதில்களுக்கு எண்ணெய்ப் பீப்பாயும், மின்கம்பத்துப் பீங்கான் குமிழும், எரிந்துபோன குழல்விளக்கும், சூளையிலே அளவுமீறி வெந்து உருகிய செங்கல்லும் பயன்பட்டன.

இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. லெ கொர்பூசியே சண்டிகாருக்கு வகுத்த விதிகளுள், நகரிலோ பூங்காக்களிலோ தனிமனிதருக்குச் சிலை எழுப்புதல் ஆகாது என்பதும் ஒன்று. நேக் சந்த் எழுப்பிய உருவங்கள் எவரும் எவருக்குமுரிய சிலையல்ல. அவற்றுக்குப் பெயரில்லை, பீடமுமில்லை. நீர் சுமப்போரும், மாடு மேய்ப்போரும், வெறுமனே நின்று வழிபார்ப்போரும் ஆகிய ஊர்மக்களே அங்கே கூடியிருக்கின்றனர். திட்டமிட்ட நகரம் எந்த ஊர்களை அகற்றியதோ, அவ்வூர்களின் எச்சங்களாலேயே அவ்வூர்களின் மக்கள் அந்நகரின் ஓரத்தில் மீண்டும் குடியேறினர் என்று கொள்ளலாம். நகரம் முழுவதும் நேர்கோடாக இருக்க, இத்தோட்டத்தின் பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. நுழைவாயில்கள் தாழ்ந்திருப்பதால், உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் தலைகுனிந்தே புகவேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மறைந்திருந்த இவ்வேலை, 1970களின் முற்பகுதியிலே அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. அப்போது அது ஏறக்குறைய 12 ஏக்கர் பரப்பைக் கொண்டிருந்தது. சட்டத்தை நோக்கினால், அரச ஊழியர் ஒருவர் அரச நிலத்தில் அனுமதியின்றிச் செய்த குற்றம் அது. இடித்தலே முறை. எனினும், அதனைக் கண்ட அறிஞரும் பொதுமக்களும் காக்கவேண்டும் என்று குரல் கொடுத்தனர். முடிவில், அதிகார பீடம் தண்டனையை விட்டு வேறொரு வழியை நாடியது. 1976ஆம் ஆண்டில் அந்தக் கற்றோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்கு உதவியாக 50 தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். அவருக்குத் தோட்டத்தின் துணைப் பொறியியலாளர் என்னும் பதவியும், முழுநேரமும் இவ்வேலையே செய்வதற்குரிய சம்பளமும் அளிக்கப்பட்டன. ஊராரின் கழிவுகளைத் திரட்டுதற்கு நகரிலே சேர்ப்பு நிலையங்களும் ஏற்பட்டன. 1983ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் முத்திரையொன்றில் இத்தோட்டம் இடம்பெற்றது. 1984ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கதை இவ்விடத்திலே மங்களமாக முடிந்திருக்கலாம். வரலாறு அவ்வாறு முடிவதில்லை. தோட்டத்தின் அருகே உயர்நீதிமன்றம் உள்ளது. தெருவுக்கும் வாகனத் தரிப்புக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தது. 1990ஆம் ஆண்டளவில் தெரு அமைப்பதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, நகர மக்கள் கைகோத்து நின்று அவற்றை மறித்தனர். 1996ஆம் ஆண்டில் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையிலே, சிற்பங்கள் பல அடித்து நொறுக்கப்பட்டன. பின்னர், அவர் பெயரால் அமைந்த நிறுவனமொன்றின் வாயிலாகப் பல நாட்டுத் தொண்டர்களும் வந்து திருத்த வேலைகளிற் கைகொடுத்தனர். 2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் தமது 90ஆவது வயதில் நேக் சந்த் மறைந்தார். அவர் மறைந்து பத்தாண்டும் நிறையுமுன், 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில், உயர்நீதிமன்றத்துக்கான வாகன வசதியை விரிக்கும் பொருட்டுத் தோட்டத்து மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்களிற் பலர் அங்கே கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். அஞ்சல் முத்திரையும் விருதும் உலகப் புகழும் பெற்ற ஒரு வேலைக்கும், நின்றுகாக்கும் வலிமை அவற்றால் மட்டும் கிடைத்துவிடவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒரு பொருள் கழிவு என்பது அப்பொருளின் இயல்பன்று. அதுபற்றி நாம் செய்துகொண்ட முடிவே ஆகும். போத்தல் வெறுமையானவுடன் அதற்கு வேலையில்லை என்று முடிவு செய்கின்றோம். ஓர் ஊர் வரைபடத்துக்குத் தடையாக இருந்தால் அதுவும் வேண்டியதில்லை என்று முடிவு செய்யப்படுகின்றது. அனுமதிச் சீட்டில்லாத கோபுரத்தைப் பற்றிய முடிவும் அத்தகையதே. ரொடியாவும் நேக் சந்தும் அம்முடிவுகளை மறுத்துப் பேசவில்லை. எவருக்கும் விண்ணப்பம் எழுதவுமில்லை. எறிந்ததை எடுத்தார்கள், உரிய இடத்தில் வைத்தார்கள். ஒரே வேலையைப் பல்லாண்டு தொடர்ந்து செய்தார்கள். முடிவை மாற்றவேண்டிய பொறுப்பு பார்ப்போர் மேல் வந்து சேர்ந்தது.

அப்பொறுப்பு எளிதன்று. கருங்கற் சிற்பம் ஆயிரம் ஆண்டு கவனிப்பாரின்றியும் கிடக்கும். இரும்புக் கம்பியும் சிமெந்தும் போத்தலோடும் அவ்வாறில்லை. ஈரம் உட்புகுந்தால் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்த இரும்பு சிமெந்தைப் பிளக்கும். பிளவின் வழியே பதித்த ஓடு உதிரும். 1994ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் ஊறுபட்ட வொட்ஸ் கோபுரங்களைச் சீர்செய்து மீண்டும் மக்களுக்குத் திறக்க, 2001ஆம் ஆண்டுவரை சென்றது. உதிர்ந்த ஒவ்வொரு துண்டையும் எடுத்து அதன் பழைய இடத்திலே பொருத்தவேண்டும். தனியொருவர் சம்பளமின்றிச் செய்த வேலையைப் பேணுதற்குப் பலர் சம்பளம் பெற்று உழைக்கவேண்டியுள்ளது. ஆகவே, இத்தகைய சிற்பங்களை உடையோம் என்று ஒரு நகரம் பெருமை கொள்ளுமாயின், ஆண்டுதோறும் அவற்றுக்கு ஒதுக்கும் பணத்தைக் கொண்டே அப்பெருமையை அளக்கவேண்டும்.

ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை விழுந்தபின், அதன் உலோகத்துக்கு விலை இருந்தது. அதனாலேயே அது நம் கைக்கு எட்டாமற் போயிற்று. வொட்ஸ் கோபுரத்தையோ சண்டிகார்ச் சிற்பத்தையோ இடித்தால், உடைந்த ஓட்டையும் வளையல் துண்டையும் விலைகொடுத்து வாங்குவார் எவரும் வாரார். அவற்றின் மதிப்பெல்லாம் அவை ஒன்றுசேர்ந்து நிற்பதிலேயே உள்ளது. ஒரு முறை பிரிந்தால், அவை முன்போலவே குப்பையாய்விடும். 1959ஆம் ஆண்டு ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சலிஸ் மக்களும், 1990ஆம் ஆண்டளவிற் சண்டிகார் மக்களும் காத்து நின்றது இந்தச் சேர்க்கையைத்தான். 2025ஆம் ஆண்டிலே இடிந்த மதிலருகே கூடியவர்களும் அதனையே காக்க முயன்றனர்.